பார்த்ததாகச் சொன்ன பறவை

அந்தப் பறவை தெளிவாகத் தெரிந்தது. இசக்கிபாண்டிக்கு முதலில் உறுத்தியதே அதுதான்.

ஏரியில் வேறு எதுவும் அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மார்கழிப் பனி தண்ணீர்மேல் திட்டுத்திட்டாக நின்றது; அதற்குள் நாமக்கோழிகள் வெறும் கரும்புள்ளிகளாக மிதந்தன, எதிர்க்கரையில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் நீளமான தகரக் கூரை ஒரு சாம்பல் கோடாகக் கிடந்தது, மதகுப் பக்கம் யாரோ எரித்த வேலிக்காத்தான் முள்ளின் புகை சேற்று வாடையோடு சேர்ந்து மூக்கில் ஏறியது, ஒரகடம் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு கரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் ஓரம் கரைந்திருந்தது. ஒன்றரை வருடமாக அவன் கண்ணுக்கு உலகம் அப்படித்தான். ஆனால் கோரைக்கு நடுவில், நூற்றைம்பது அடி தள்ளி, ஒரு கருங்குருகு கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கி, கோரையோடு கோரையாக நின்றது. பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கிய பிறகும் அதன் கழுத்தோரத்து மஞ்சள் பட்டையை இறகு இறகாக எண்ணலாம் போலிருந்தது.

அதன் கண் சிவப்பு.

கருங்குருகுக்குக் கண் சிவப்பாக இருக்காது. புத்தகத்தில் மஞ்சள் என்று போட்டிருக்கிறது. சிவப்புக் கண்ணோடு ஒரே ஒரு கருங்குருகுதான் உண்டு. அது இசக்கிபாண்டியின் வாயிலிருந்து பிறந்தது.

"இன்னாண்ணா, எதனா தெரியுதா?"

பின்னால் லிடியா நின்றாள். இறந்துபோன சின்னப்பராஜ் சாரின் மகள். அப்பாவின் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு ஏரிக்கு வந்திருந்தாள். அந்தப் பட்டையில் இன்னும் சேற்றின் வெள்ளைக் கறை போகவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. வெறுங் கோரைதான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வெறும் கோரைதான். காற்றில்லாத நேரத்தில் அந்த இடத்தில் மட்டும் கோரை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்தவர் சின்னப்பராஜ். கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், சுங்குவார்சத்திரத்தில் வீடு. ஞாயிறு விடியற்காலையில் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு சித்தேரிக் கரைக்குப் போவார். வெளியூரிலிருந்து வந்து பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேராகப் படுத்திருக்கும் பையன்களுக்கு அது ஒரு கௌரவம். நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் அவர் ஒரு கோடுபோட்ட நோட்டைத் திறந்து பறவை பறவையாகப் பெயர் வாசிப்பார். பார்த்தவர்கள் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெயருக்கு நேரே அவர்கள் இனிஷியல் ஏறும். போட்டோ கேட்பதில்லை, சாட்சி கேட்பதில்லை, இரண்டாம் தரம் கேட்பதே இல்லை.

இசக்கிபாண்டி குவாலிட்டி பிரிவில் பொருள்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலை செய்பவன். வெளிச்சத்துக்கு அடியில் வரும் பொருளைப் பார்த்து நல்லது, கெட்டது பிரிக்க வேண்டும். கண் மங்க ஆரம்பித்தது தெரிந்தால் அந்த வேலை போய்விடும், காண்ட்ராக்ட் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் கண் பரிசோதனையில் முன்னால் நிற்பவன் எழுத்துகளை வாசிப்பதைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்தான். பறவைகளையும் அப்படித்தான் ஒப்பித்தான். ஜெராக்ஸ் எடுத்த பறவைப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்து அடையாளங்களை மனப்பாடம் செய்துகொண்டு, மற்றவர்கள் கைகாட்டிய பிறகு அவனும் "ஆமா, ஆமா" என்பான்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் வனமாமலை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சிரித்தான். "ஏடே இசக்கி, ஒனக்கு ஆனையக் காட்டினாலும் பூனைன்னுதான் சொல்லுவ. ஒன் கண்ண எவம்டே குவாலிட்டில போட்டான்?"

விளையாட்டுதான். ஆனால் குவாலிட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் இசக்கி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நேத்து சாயந்திரம் நான் தனியா வந்தேன். கருங்குருகு பாத்தேன்" என்றான்.

டீக்கடையே திரும்பியது. அந்த ஏரியில் அதை யாரும் பார்த்ததில்லை. சின்னப்பராஜ் பேனாவைத் திறந்தார்.

"எங்கபா?"

"மூணாவது கரண்டு கம்பத்துக்கு நேரா. கோரைக்குள்ள."

"கண்ணு இன்னா கலரு?"

"செவப்பு."

அங்கேதான் தவறினான். புத்தகத்தில் அதே பக்கத்தில் கீழே இருந்த வக்கா என்ற இன்னொரு பறவையின் கண் அது. மனப்பாடத்தில் ஒரு வரி நழுவிவிட்டது. சின்னப்பராஜின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அப்படியே எழுதினார்.

சொந்தமாகப் பொய் கட்டிப் பழக்கமில்லாதவன் தேவைக்கு மேலே சொல்லிவைப்பான். பத்தடியில் நின்றது என்றான். கை தட்டினேன், அசையவே இல்லை என்றான். எப்படிப் பறந்தது என்று கேட்டபோது, பறப்பதைப் பற்றிப் படித்தது எதுவும் ஞாபகம் வராமல், "பறக்கல சார். நின்ன நெலையிலயே தண்ணிக்குள்ள இறங்கிருச்சு" என்றான். வனமாமலை டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

"பாத்தேன்றாம்பா. அப்ப பாத்துக்கிறான். அவ்ளோதான்" என்று சொல்லி சின்னப்பராஜ் நோட்டை மூடினார்.

இசக்கி விரல் நீட்டிய இடத்தில் போன கோடையில் புதுக் கம்பெனிக்கு மேடு கட்டச் சவுடு மண் அள்ளியிருந்தார்கள். லாரி இறங்கும் அளவுக்குக் குழி. மழை வந்ததும் தண்ணீர் நிரம்பி, அதன்மேல் கோரை படர்ந்து, பார்ப்பதற்குத் தரைபோல ஆகிவிட்டது. டிசம்பர் முதல் சனிக்கிழமை சின்னப்பராஜை அங்கிருந்துதான் தீயணைப்புக்காரர்கள் எடுத்தார்கள். தொடைவரை சேற்றில் இறங்கியவர் விழாமல் நின்றபடியே செத்திருந்தார். முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. அதற்குமேல் ஒரு சாண்தான் தண்ணீர்.

*

திங்கட்கிழமை, காலை ஏ ஷிஃப்ட்.

கறுப்புப் பெயின்ட் அடித்த கண்ணாடி மூடிகள் இருபது நொடிக்கு ஒன்றாக வந்தன. காருக்கு வெளியே இரண்டு பக்கமும் பின்னால் பார்க்கக் கண்ணாடி இருக்குமே, அதன் மூடி. இசக்கி இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு விரல் நுனியால் தடவித் தூசிப் புள்ளியைக் கண்டுபிடிப்பான். தலைக்கு மேலே டியூப்லைட்டுகள் ரீங்கரித்தன, பெயின்ட் நெடி தொண்டையை அறுத்தது, ஏசிக் காற்று கழுத்தில் ஊசியாக இறங்கியது. திடீரென்று பெயின்ட் நெடி போய்விட்டது. அந்த இடத்தில் சேற்று வாடை.

தலையைத் தூக்கினான்.

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் சிமென்ட் விளிம்பில் அது நின்றது. பத்தடி. பட்டப்பகல் வெயிலில் கன்னங்கரேலென்று, கழுத்து நீண்டு, அலகு வானத்தைப் பார்த்து. அலகு மேலே பார்த்தாலும் கண் மேலே பார்க்கவில்லை. இரண்டு சிவப்புக் கண்ணும் அலகுக்கு அடியில் வழிந்து, கீழே, நேரே, அவனைப் பார்த்தன.

கை தட்டினான். அவனை அறியாமல்தான் தட்டினான். ஒருமுறை, இரண்டுமுறை. அது அசையவில்லை.

"என்னல, கை தட்டுத? லைன்ல பீஸ் குவியுது பாரு" என்று அடுத்த மேசையிலிருந்து அருள்பாண்டி கத்தினான். தூத்துக்குடிக்காரன், ஒரே அறை.

"அருளு, அந்தா கால்வா ஓரத்துல..."

"எங்க? ஒண்ணையும் காணோமே. ராத்திரி தூங்கினியால நீ?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். அருள்பாண்டி என்ன கேட்டாலும் தாங்கலாம். "கண்ணு சரியாத் தெரியலையோ?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அந்த நேரத்திலும் அவனுக்கு முதலில் வந்த பயம் அதுதான் என்று நினைத்தபோது, தன்மேலேயே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. கை தட்டினேன், அசையவே இல்லை. சொன்னபடியே நடக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

*

புதன்கிழமை கிறிஸ்துமஸ். எப்படியும் சொல்லிவிடுவது என்று கிளம்பி சுங்குவார்சத்திரம் போனான். தெருவெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கியது. சின்னப்பராஜ் வீட்டில் நட்சத்திரம் இல்லை. அவர் மனைவி அற்புதமேரி அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாப்பா. சாப்ட்டியா? லிடியா, அண்ணனுக்கு காப்பி போடு."

முற்றத்தைப் பார்த்தபடி அவன் வாசலை ஒட்டி உட்கார்ந்தான். வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். நான் அந்தப் பறவையைப் பார்க்கவில்லை. இவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது.

அம்மா உள்ளறைக்குப் போனதும் லிடியா காபியைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா உங்களுக்காகத்தாண்ணா போனாரு. தெரியுமா? அஞ்சு நாளு விடிகாலைல யார்கிட்டயும் சொல்லாம போய்கினு இருந்தாரு. புத்தகத்துல கண்ணு மஞ்சள்னு போட்டுக்குது, இசக்கி சிவப்புன்றான், அவன் கண்ணு தப்பாது, நான் ஒரு தபா பாத்துட்டேன்னா வனமாமலை வாயை அடைச்சிடுவேன்னாரு. நோட்டுல உங்க பேரு பக்கத்துல அவரு பேரும் போடணுமாம்."

இசக்கி காபியைக் குடித்தான். நாக்கு சுட்டது. குடித்துக்கொண்டே இருந்தான். முகம் முழுக்க வெட்கம் அனலாக ஏறியது. டம்ளரை வைத்து அதை மறைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம நான் உள்ள இறங்கப்போறேண்ணா. அம்மா காதுல போட்டுடாதீங்க. அப்பா நின்ன எடத்துல நின்னு அதைப் பாத்தே ஆகணும். பாத்து, நோட்டுல அவருக்குப் பதிலா நான் எழுதணும்."

"லிடியா..."

"சொல்லுங்கண்ணா."

முற்றத்தில் நின்றது.

காய்ந்த சிமென்ட் தரை. துணி உலர்த்தும் கம்பிக்கு அடியில். அவள் முதுகுக்குப் பின்னால் ஆறடி இருக்கும். மஞ்சள் பட்டை வெயிலில் மினுங்கியது. அவன் பார்க்கப் பார்க்கக் கால் தரைக்குள் போனது. பிறகு வயிறு. தரை உடையவில்லை, ஈரமாகவும் இல்லை. தண்ணீருக்குள் இறங்குவதுபோல, நின்ற நிலையில், நிதானமாக. கழுத்து. மஞ்சள் பட்டை. கண் கடைசிவரை அவனை விடவில்லை. அலகு நுனி மட்டும் ஒரு முள்போலத் தரையில் நின்று, அதுவும் போனது.

"இன்னாண்ணா சொல்ல வந்தீங்க?"

"பாத்து வாம்மா" என்றான். "பனி வேற."

பஸ் ஏறி உட்கார்ந்தபோது ஒரு ஆறுதல்கூட வந்தது. சிவப்புக் கண். பத்தடி. கை தட்டியது. இறங்கியது. சொன்னதெல்லாம் நடந்து தீர்ந்துவிட்டது; இனி நடப்பதற்கு அவன் எதையும் சொல்லிவைக்கவில்லை. அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டான். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்கப்போகிறாள், இவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் கணக்கு முடிந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

*

உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எதையும் செய்ய அவன் தயாராக இருந்தான். ஞாயிறு விடிவதற்கு முன்பே கம்பெனியிலிருந்து எடுத்த மஞ்சள் கறுப்புத் தடுப்பு நாடாவும் நான்கு சவுக்குக் கொம்பும் சுமந்துகொண்டு ஏரிக்கு வந்தான். குழியைச் சுற்றிக் கொம்பு ஊன்றி நாடாவைக் கட்டிவிட்டால் அவள் பார்த்து விலகிவிடுவாள். குழி பறித்தவனே வேலி கட்டினால் போதும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது கம்பத்துக்கு நேரே இறங்கினான். தண்ணீர் கணுக்காலைக் கத்திபோல் கீறியது. பனி அவ்வளவு அடர்த்தி, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. கோரைத் தாள் ஒவ்வொன்றும் முகத்தில் ஈரமாக உரசிப் போனது, காலுக்கடியில் சேறு சளப் சளப்பென்று எதையோ மென்றது, எங்கோ ஒரு முக்குளிப்பான் கூச்சலிட்டுச் சட்டென்று அடங்கியது. கொம்பால் தட்டித் தட்டி நடந்தான். முதல் கொம்பை ஊன்றினான். இரண்டாவதை ஊன்றி நாடாவைக் கட்டினான். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது.

பிறகு லாரிச் சத்தம் நின்றுவிட்டது.

பனிக்குள் பத்தடியில் அது இருந்தது. பனி அதற்கு முன்னால் இல்லை. இறகு இறகாக. கண்.

தொண்டைக்குள் பல நாளாக இருந்தது இப்போதுதான் வெளியே வந்தது. "நான் பாக்கல சார்" என்றான் இசக்கி. சத்தமாகத்தான் சொன்னான். "சத்தியமா நான் பாக்கவே இல்ல. எனக்குக் கண்ணு தெரியல சார். வெக்கத்துல சொல்லிட்டேன்."

அது அலகை வானத்திலிருந்து இறக்கியது.

அதை அவன் சொல்லவில்லை.

தலையைச் சாய்த்தது. கேட்டுக்கொள்வதுபோல. அதையும் அவன் சொல்லவில்லை.

ஒரு அடி விலகியது. அவனுக்கு இடம் விடுவதுபோல.

பின்வாங்கினான். பின்னால் தரை இல்லை. கொம்பு கையை விட்டுப் போனது. கால், முழங்கால், தொடை, சேறு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. அசைந்தான். இன்னும் இறங்கியது. அசையாமல் நின்றான். தண்ணீர் தாடையைத் தொட்டது. முகத்தை நிமிர்த்தினான். இன்னும் நிமிர்த்தினான். வானம் மட்டும். கழுத்து நரம்பு தெறிக்க, மூக்கு வானத்தைப் பார்க்க.

விடிந்தது.

கரையில் பேச்சுக் குரல்.

கண்ணை மட்டும் கீழே உருட்டினான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கரை. கம்பம். வரிசையாக ஆறு பேர். வனமாமலையின் குரங்குக் குல்லா, பக்கத்தில் கூட்டத்துக்கு எப்போதும் வரும் கவியா. முன்னால் லிடியா, சுடிதாரை முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கால் விரல்கூடத் தெரிந்தது.

வேண்டாம். இறங்காதே. நான் சொன்னது பொய்.

வாயைத் திறந்தான். தண்ணீர் உள்ளே போனது. அடித்தொண்டையிலிருந்து நீளமாக, கனமாக, ஒரு முனகல் ஏரி முழுக்கப் பரவியது. அது மனிதக் குரலாக இல்லை.

ஆறு தலையும் திரும்பின. ஆறு பைனாகுலரும் உயர்ந்தன.

"ஏ, அந்தா. கோரைக்குள்ள" என்றான் வனமாமலை. "நிக்குதுல்லா. எய்யா, இசக்கி உள்ளதத்தான் சொல்லிருக்கான்."

பார்த்துவிட்டார்கள். இசக்கிக்கு அழுகை வந்தது. இனி அவள் இறங்க மாட்டாள். இனி வருவார்கள். கயிறு எடுத்து வருவார்கள்.

"பார்த்தேன்" என்றான் வனமாமலை.

"பார்த்தேன்" என்றாள் கவியா.

"பார்த்தேன்." "பார்த்தேன்." "பார்த்தேன்."

லிடியா பைனாகுலரை இறக்கவில்லை. அதற்கு அடியில் அவள் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. உதடு சிரித்தது. ஒரு கையால் நோட்டைத் துழாவி எடுத்து, பார்க்காமலே எழுதினாள். எழுதுகிற சத்தம்கூட அவனுக்குக் கேட்டது.

தண்ணீர் கீழுதட்டுக்கு வந்தது. திரும்பவும் முனகினான்.

கவியா இன்னும் கிட்டப் பார்க்கலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தாள். லிடியா சட்டென்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லோரையும் திரும்பிப் பார்த்து, பறவையைக் கலைத்துவிடாதீர்கள் என்பதுபோல உதட்டில் விரல் வைத்தாள். ஆறு பேரும் மூச்சுகூடச் சத்தமாக விடாமல், அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.